போர் முடிந்ததும் பெரம்பூர் ஏன் கொதித்தது? 1918 முதல் 1921 வரை

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் உலகம் நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டாமா, ஏன் ஊர் ஊராக வேலைநிறுத்தம் வெடித்தது என்பது ஒன்று. சென்னை பெரம்பூரில் இருந்த பின்னி ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து போராடியும் 1921ல் ஏன் தோற்றார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கான பதில் தெரியாமல் இரண்டாவது புரியாது.

1919ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பம்பாய் ஆலைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதே மாதம் 31ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், வாரத்துக்கு 40 மணி நேர வேலை கேட்டுத் திரண்ட கூட்டத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. அரசு அந்த ஊருக்குப் பட்டாளத்தையும் டாங்கிகளையும் அனுப்பியது. பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டிலில் 65,000 பேர் ஊரையே ஐந்து நாள் நிறுத்திவைத்தார்கள். மே 15 அன்று கனடாவின் வின்னிபெக்கில் பொது வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு வாரம் நீடித்தது. அங்கே ஜூன் 21 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் அன்றைய அரசாங்கங்கள் ஒரே வார்த்தையில் விளக்கின: போல்ஷ்விசம், அதாவது ரஷ்யப் புரட்சியை நடத்திய கட்சியின் பொதுவுடைமைக் கொள்கை. ரஷ்யாவிலிருந்து பரவிய நோய் என்றார்கள். ரஷ்யப் புரட்சியின் செய்தி பலருக்கு நம்பிக்கை கொடுத்தது உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை. காரணம் அரிசிக் கடையிலும் துணிக் கடையிலும் இருந்தது. சென்னையில் முதல் தொழிற்சங்கத்தைத் தொடங்கியவர்கள் யார் என்று பார்த்தாலே இது விளங்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

போர் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை என்ன செய்கிறது? கப்பல்கள் படைக்குப் போகின்றன, ரயில் பெட்டிகள் படைக்குப் போகின்றன, நிலக்கரியும் போகிறது. இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கடல் கடந்து பிரான்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று போனார்கள். அவர்களுக்கு உணவு, உடை, கால்நடைத் தீவனம் எல்லாம் இங்கிருந்து போக வேண்டியிருந்தது. 1917ல் இந்திய அரசு பிரிட்டனின் போர்ச் செலவுக்கு 10 கோடி பவுண்டு 'அன்பளிப்பு' கொடுத்தது. அந்தப் பணம் வரியாகவும் கடனாகவும் இங்கேயுள்ள மக்களிடமிருந்துதான் திரட்டப்பட்டது.

சென்னை நகரம் பர்மா அரிசியை நம்பிப் பழகியிருந்தது. கப்பல் குறைந்ததும் அது தட்டுப்பட்டது. 1918ல் மழையும் பொய்த்தது. மண்ணெண்ணெய், உப்பு, துணி எல்லாமே எட்டாத விலைக்குப் போயின. இங்கிலாந்தின் லங்காஷயர் துணி வரத்து சுருங்கியதால் உள்நாட்டு ஆலைகளுக்குப் போட்டியே இல்லாமல் போனது. அதாவது துணி விலை ஏறியதில் ஆலைக்கு லாபம். அதே துணியை நெய்தவன் தன் பெண்டாட்டிக்கு ஒரு புடவை வாங்க முடியாமல் நின்றான். ஒரே பொருளின் விலையேற்றம் ஒருவருக்கு வருமானமாகவும் அதைச் செய்தவருக்கே பாரமாகவும் மாறியதை ஆலைத் தொழிலாளி தினம் தினம் கண்ணால் பார்த்தான். அவனுக்கு அரசியல் பாடம் எடுக்க வெளியிலிருந்து யாரும் வர வேண்டியிருக்கவில்லை.

1918 செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. அரிசிக் கடை, துணிக் கடை இரண்டும்தான் முக்கிய இலக்கு. அந்தக் கூட்டத்தில் ஆலைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பட்டாளத்தை இறக்கித்தான் நகரத்தை அடக்கினார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் விஷக் காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) வந்து நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. நவம்பர் 11 அன்று போர் நின்றபோது சென்னைத் தொழிலாளி இருந்த நிலை இது. போர் நின்றது, விலை இறங்கவில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. போர்க்காலம் முழுக்க எல்லா நாட்டிலும் தொழிலாளியிடம் சொல்லப்பட்டது ஒன்றுதான்: கொஞ்சம் பொறு, போர் முடியட்டும். அந்தத் தவணை 1918 நவம்பரில் தீர்ந்தது. பொறுமை கேட்டவர்களுக்குச் சொல்ல வேறு காரணம் இல்லாமல் போனது. போருக்குப் பிந்தைய கொதிப்பை எந்த நாட்டில் பார்த்தாலும் விலையும் இந்த வாக்கும்தான் அடியில் இருக்கும் என்பது என் கருத்து.

சரி, பெரம்பூருக்கு வருவோம்.

பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை என்று இரண்டு. 1870களின் கடைசியிலும் 1880களிலும் தொடங்கப்பட்டவை. இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. 1920ல் இரண்டும் சட்டப்படி ஒன்றாகி பக்கிங்காம் கர்நாடிக் ஆலை ஆனது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வேலை செய்த இடம். பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, சூளை என்று வடசென்னையின் பாதி அந்த ஆலைகளை நம்பி வாழ்ந்தது. பின்னியின் காக்கித் துணிக்கு இந்தியா முழுக்கப் பெயர் உண்டு. போரில் அந்தக் காக்கிதான் படைவீரர்களின் முதுகில் இருந்தது.

பின்னி மோசமான கூலி கொடுத்த கம்பெனி என்று பலர் எழுதுகிறார்கள். அன்றைய சென்னையின் மற்ற முதலாளிகளோடு ஒப்பிட்டால் அது சரியில்லை. பள்ளிக்கூடம் நடத்தினார்கள், நீண்ட நாள் வேலையில் இருந்தவர்களுக்குச் சில சலுகைகள் இருந்தன. தொழிலாளர்களின் முதல் புகார்ப் பட்டியலைப் பார்த்தால் கூலி மட்டும் அதில் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் விட்டார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்து, கையைக் கழுவி, சாப்பிட்டு, மறுபடி உள்ளே போய்த் தறி முன்னால் நிற்க வேண்டும். தாமதமானால் தண்டனை. 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி நெசவாலையில் ஓர் ஆண் ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை செய்யலாம். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு நடுவே கிடைத்த அரை மணி அது. இன்னொரு புகார் அடி. வெள்ளைக்கார மேற்பார்வையாளர்கள் தொழிலாளர்களை அடித்தார்கள், உதைத்தார்கள், கேவலமாகத் திட்டினார்கள். கூலி உயர்வைவிட இந்த அவமானத்தைப் பற்றித்தான் அவர்கள் கொதித்துப் பேசினார்கள்.

இந்தப் புகார்கள் முதலில் கொட்டப்பட்ட இடம் ஆலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடை. கடைக்காரர் செல்வபதி செட்டியார். அவரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு பக்திச் சபையை நடத்திவந்தவர்கள். அந்தச் சபைக்கு வந்துபோன ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லச் சொல்ல, இவர்கள் இருவரும் நகரத்தில் செல்வாக்குள்ளவர்களைத் தேடிப் போனார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்த இடம் அன்னி பெசன்ட் அம்மையாரின் வட்டம். அங்கிருந்து வந்தவர் பி.பி.வாடியா. பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர். 1917ல் பெசன்டோடு சேர்த்து அரசால் காவலில் வைக்கப்பட்டவர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் பேசினார், திரு.வி.க. தமிழில் சொன்னார். திரு.வி.க. அப்போதுதான் வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு 'தேசபக்தன்' ஆசிரியராகியிருந்தார்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. முறையாக உறுப்பினர் சேர்த்து, சந்தா வாங்கி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து நடந்த சங்கம் என்ற வகையில் இந்தியாவின் முதல் தொழிற்சங்கமாக இதைச் சொல்வார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் செயலாளர்கள். ஒரு பிரம்மஞானி, ஒரு சைவப் பற்றாளர், பஜனை நடத்திய இரண்டு பெரியவர்கள். போல்ஷ்விக் நோய் என்ற விளக்கத்தை நான் ஏற்காததற்கு இவர்களே போதும்.

தொடங்கிய வேகத்தில் சங்கம் பரவியது. டிராம் தொழிலாளர்கள், அச்சகத் தொழிலாளர்கள், பெரம்பூர் ரயில்வே பட்டறைக்காரர்கள், மண்ணெண்ணெய்க் கம்பெனி ஆட்கள் என்று ஒவ்வொரு தரப்பும் சங்கம் வைத்துக்கொண்டது. மாலையானால் கூட்டம். சுற்றுவட்டாரத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். திரு.வி.க.வின் மேடைத் தமிழ் வடசென்னையின் தமிழாக ஆனது இந்தக் கூட்டங்களில்தான்.

போர் இன்னும் நடந்துகொண்டிருந்த 1918 ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யத் துடித்தார்கள். வாடியா தடுத்தார். உங்கள் நிறுத்தத்தால் பின்னி கம்பெனியின் பைக்கு மட்டும்தான் நஷ்டம் என்றால் எனக்குக் கவலை இல்லை, அவர்கள் நிறையவே சம்பாதிக்கிறார்கள், ஆனால் இங்கே நெய்யும் துணி போர்முனையில் இருக்கும் படைவீரனுக்குப் போகிறது, அது நின்றால் நேச நாடுகளுக்குப் பாதகம் என்ற பொருளில் பேசினார். இதற்காக அவரைப் பிற்காலத்தில் பலர் கடுமையாக விமர்சித்தார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். போர் ஒரு தொழிலாளர் தலைவரின் கையை எப்படிக் கட்டிப்போடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. அதே பேச்சு இன்னொன்றையும் செய்தது. உங்கள் உழைப்பு இல்லாமல் இந்தப் போர் நடக்காது என்று தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. போர் முடிந்த பிறகு அவன் அதை மறக்கவில்லை.

நிர்வாகமோ போர் நடக்கும்போதே கதவடைப்பைக் கையில் எடுக்கத் தயங்கவில்லை. 1918லேயே ஆலை வாசல்கள் மூடப்பட்டன, திறக்கப்பட்டன, மறுபடி மூடப்பட்டன. படைவீரனுக்கு உடை என்ற நியாயம் தொழிலாளிக்கு மட்டும்தான் பொருந்தியது போலும்.

1919ல் வாடியா இங்கிலாந்து போனார். அந்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம்.ஜோஷிக்கு ஆலோசகராகவும் இருந்தார். 1920 அக்டோபர் 31 அன்று பம்பாயில் லாலா லஜபதி ராய் தலைமையில் அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பிறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தொழிலாளர் இயக்கம் ஏறுமுகத்தில் இருந்தது. பெரம்பூரில் அதே அக்டோபரில் நிலைமை முற்றியது.

பக்கிங்காம் ஆலை நெசவுப் பிரிவில் ஒரு நியமனம் பற்றி எழுந்த தகராறு கதவடைப்பில் முடிந்தது. நிர்வாகம் ஆட்களைப் போலீஸ் காவலோடு உள்ளே கொண்டுபோக முயன்றது. டிசம்பர் 9 அன்று கல்வீச்சு நடந்தது, போலீஸ் சுட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். இறுதி ஊர்வலத்தில் வடசென்னையே திரண்டது.

துப்பாக்கியைவிடப் பெரிய அடி உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று சொல்லி வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் கம்பெனி நஷ்டஈட்டு வழக்குப் போட்டது. நீதிமன்றம் அவர்களுக்குத் தடை உத்தரவு போட்டது. இங்கே சட்ட நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1901ல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் இதே மாதிரி ஒரு சங்கத்தின் மேல் நஷ்டஈடு விதித்தார்கள். அங்கே தொழிலாளர்கள் அரசியலில் இறங்கி, 1906ல் புதுச் சட்டம் கொண்டுவரச் செய்து அந்த ஆபத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு இந்தியாவுக்கு வரவில்லை. லண்டனில் சங்கத் தலைவர் செய்தால் சட்டப்படி சரியான ஒரு காரியம், சென்னையில் செய்தால் சொத்து முழுக்கப் போகும் குற்றமாக இருந்தது. கம்பெனியின் வக்கீல்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சமரசம் 1921 ஜனவரியில் வந்தது. வாடியா தொழிற்சங்கத்திலிருந்து விலகிக்கொள்வது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அவர் விலகினார். தொழிலாளர்கள் மூன்று மாதக் கூலியை இழந்துவிட்டு உள்ளே போனார்கள்.

அந்த மூன்று மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நடந்ததற்கு அது மிக முக்கியம். போராட்ட நிதி என்று ஒன்று பெரிதாக இல்லாத காலம். வேலை நின்றால் முதலில் கடைக்காரரிடம் கடன், அப்புறம் பாத்திரமும் நகையும் அடகுக் கடைக்கு, அப்புறம் வட்டிக்குப் பணம். ஊரில் கொஞ்சம் நிலமோ சொந்தபந்தமோ உள்ளவர் குடும்பத்தைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு நின்று பார்க்கலாம். கடைக்காரர் தன் சாதிக்காரராக இருந்தால் கொஞ்ச நாள் கூடுதலாகக் கடன் கிடைக்கும். சேரியில் இருந்த ஆதி திராவிடத் தொழிலாளிக்கு நிலமும் இல்லை, கடன் கொடுக்கும் உறவும் இல்லை. ஒரே ஆலையில் வேலை பார்த்தாலும் பட்டினியைத் தாங்கும் சக்தி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

1921 மே மாதம் கர்நாடிக் ஆலை நூற்புப் பிரிவில் வேலை நின்றது. ஜூன் 20 அன்று பக்கிங்காம் ஆலையும் சேர்ந்தது. ஆறு மாதத்துக்குள் இரண்டாவது பெரும் பட்டினி. இந்த முறை ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நிறுத்தத்தில் தொடரவில்லை, வேலைக்குப் போனார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். அது ஒத்துழையாமை இயக்கமும், துருக்கி கலீஃபாவுக்காக முஸ்லிம்கள் நடத்திய கிலாஃபத் இயக்கமும் உச்சத்தில் இருந்த நேரம், அதனால் காங்கிரசின் வேகமும் வெளியே நின்றவர்கள் பக்கம் இருந்தது.

இதற்குப் பிறகு அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடந்த சண்டையாக இல்லை. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதி திராவிடர் குடிசைகள் எரிந்தன. பதிலுக்குப் பதில் தாக்குதல் நடந்தது. தெருவுக்குத் தெரு எல்லை போட்டுக்கொண்டார்கள். குடும்பத்தோடு வீடிழந்தவர்கள் அரசு அமைத்த தற்காலிக இருப்பிடங்களுக்குப் போனார்கள். வேலைக்குப் போனவர்கள் போலீஸ் காவலோடு ஆலைக்குள் போய் வந்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை நாடு கடத்துவதாக எச்சரித்தார்.

அன்று ஆதி திராவிடர்களைக் கருங்காலிகள், அதாவது வேலைநிறுத்தத்தை முறிப்பவர்கள், என்று திட்டினார்கள். இன்றும் சில எழுத்துகளில் அந்தத் தொனி இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் தரப்பிலிருந்து ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். சங்கத்தின் தலைமையில் அவர்களுடைய ஆள் இல்லை. நிறுத்தலாமா வேண்டாமா என்ற முடிவு அவர்களைக் கேட்டு எடுக்கப்படவில்லை. சங்கக் கூட்டத்தில் 'தோழர்' என்று அழைத்தவர், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் தெருவில் அவர்களை எப்படி நடத்தினார் என்பது அவர்களுக்குத் தெரியும். கிராமத்தில் பண்ணையாளாக இருந்த குடும்பத்துக்கு ஆலை வேலை சாதாரண வேலை இல்லை. மாதம் பிறந்தால் கையில் காசு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், யார் வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டாத வாழ்க்கை. அதை இழக்கச் சொல்கிறவர், இழந்தால் நான் உன்னோடு இருக்கிறேன் என்ற உறுதியைக் கொடுத்திருக்க வேண்டும். அப்படி யாரும் கொடுக்கவில்லை. முந்தைய பட்டினியில் மிக அதிகமாக அடிபட்டவர்கள் அவர்கள். அவர்களின் தலைவர் எம்.சி.ராஜா வேலைக்குப் போகச் சொன்னதில் இந்தக் கணக்கு இருந்தது.

நிர்வாகமும் அரசும் இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன, அதில் சந்தேகமே இல்லை. ஆதி திராவிடர் நலனுக்கென்று அரசு அமைத்திருந்த தொழிலாளர் துறையே அவர்களை வேலைக்குப் போகும்படி ஊக்குவித்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. ஆனால் முதலாளி பிளவை உண்டாக்கினான் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மையில்லை. பிளவு ஏற்கெனவே இருந்தது. ஆலை தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இருந்தது. சங்கம் அதைத் தாண்டி ஒரு பாலம் போட மூன்று ஆண்டுகள் கிடைத்திருந்தன, போடவில்லை.

திரு.வி.க.வைத் தனியாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதிச் சண்டையைத் தணிக்கத் தெருத் தெருவாக அலைந்தவர்களில் அவரும் ஒருவர், தீண்டாமையை வெறுத்தவர். ஆனால் ஒரு தலைவரின் நல்ல மனமும் சங்கத்தின் அமைப்பும் வேறு வேறு. செயற்குழுவில் இடம், நிவாரணத்தில் சமபங்கு, சேரியில் கூட்டம், அடகு வைக்கப் பொருள் இல்லாதவர்களுக்கு முதலில் அரிசி என்ற மாதிரியான ஏற்பாடுகள்தான் சங்கத்தை எல்லோருக்கும் சொந்தமாக்கியிருக்கும்.

நீதிக்கட்சி இந்த நேரத்தில் நடந்துகொண்ட விதம் வேதனையானது. பிராமணரல்லாதோர் எல்லோருக்குமான கட்சி என்று சொல்லிக்கொண்ட அதன் தலைவர்களில் முக்கியமான பிட்டி தியாகராய செட்டியார், அரசு ஆதி திராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதுதான் கலவரத்துக்குக் காரணம் என்று குற்றம் சாட்டினார். அவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்த வேண்டும் என்ற யோசனையும் அந்தத் தரப்பிலிருந்து வந்தது. எம்.சி.ராஜா கொதித்துப் போனார். 1923ல் அவர் கட்சியை விட்டு விலகியதற்கான விதை புளியந்தோப்பில் விழுந்தது.

வேலைநிறுத்தம் அக்டோபரில் ஓய்ந்தது. நீதிக்கட்சியின் இன்னொரு மூத்தவரான டாக்டர் சி.நடேச முதலியார் சமரசம் பேசினார். மாதக்கணக்கில் வெளியே நின்றவர்கள் கம்பெனியின் நிபந்தனைகளை ஏற்று உள்ளே போனார்கள். பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. 1922ல் கம்பெனி தானே ஒரு தொழிலாளர் குழு அமைத்து, இனிக் குறைகளை அங்கே சொல்லுங்கள் என்றது. சங்கத்தை ஓரம் கட்ட அது நல்ல ஏற்பாடாக இருந்தது.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1919 செப்டம்பரில் மூன்றரை லட்சம் எஃகுத் தொழிலாளர்கள் வெளிநடப்பு செய்தார்கள். பல சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்து வந்தவை. கம்பெனிகள் தெற்கிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து ஆலைகளை ஓட்டின. 1920 ஜனவரியில் நிறுத்தம் முறிந்தது. உன்னை நான் சேர்க்க மாட்டேன், ஆனால் நான் நிற்கும்போது நீயும் நிற்க வேண்டும் என்றால் யார் கேட்பார்கள்? பம்பாயில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை அன்று விட்டதில்லை, நூல் அறுந்தால் எச்சில் தொட்டு முடிச்சுப் போட வேண்டும் என்பது காரணம். 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தத் தடையை நீக்கும் கோரிக்கையையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தினார். பெரம்பூரில் 1921ல் கேட்கப்படாத கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்டார்.

1921 முழுத் தோல்வியா என்று கேட்டால், ஒரு விஷயத்தில் இல்லை. வாடியா மேல் போட்ட வழக்கு நாடு முழுக்கச் சங்கக்காரர்களை உலுக்கியது. அதே 1921 மார்ச்சில் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில், தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். முதலாளிகளின் எதிர்ப்பால் இழுத்து இழுத்து ஐந்து ஆண்டுகள் ஆயின. இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1926ல் நிறைவேறி, 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 18ஆம் பிரிவு, தொழில் தகராறின்போது ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மேலோ அதன் நிர்வாகிகள் மேலோ உரிமையியல் வழக்குப் போட முடியாது என்றது. பின்னி கம்பெனி வாடியாவைப் பிடித்த பிடி அதுவேதான். வேலை நேரமும் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாளைக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்று குறைந்தது.

1921 போராட்டத்தில் தொழிலாளர்களோடு நின்றவர்களில் ஒருவர் ம.சிங்காரவேலர், வக்கீல், மீனவச் சமூகத்தில் பிறந்தவர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இரண்டு இடத்தில் கூட்டம் போட்டு மே தினம் கொண்டாடினார், தொழிலாளர்களும் விவசாயிகளும் சேர்ந்த ஒரு கட்சியையும் அன்று அறிவித்தார். இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுதான் முதல் முறை. சிவப்புக் கொடி சென்னைக்கு வந்தது அப்போதுதான். அதாவது எல்லாவற்றுக்கும் போல்ஷ்விசத்தைக் காரணம் காட்டிய அரசாங்கங்கள் வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டன. பெரம்பூரில் விலையும் பட்டினியும் துப்பாக்கிச் சூடும் முதலில் வந்தன. பொதுவுடைமை அவற்றுக்குப் பிறகுதான் வந்தது.